தேர்வு முன்னே, பாடம் பின்னே: ஆங்கிலமும் நம் பிள்ளைகளும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு விழாக் குழுவினர் பணித்தபோது, சங்கத்தின் பழைய வருகைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் இரவுப் பாடசாலை தொடங்கிய முதல் ஆண்டில், பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக எழுதப்பெற்றுள்ளன. ஒவ்வொரு பெயருக்கும் நேரே, தவறிய பாடம் எதுவென்ற குறிப்பு. பக்கம் பக்கமாக அங்கே காணப்படுவது பெரும்பாலும் ஒரே சொல்: ஆங்கிலம். கணக்கு இரண்டாவதாக வருகிறது. மற்றவை அங்கொன்றும் இங்கொன்றுமே.

இப்பதிவேட்டைப் பார்த்து நம்முள் சிலர், “நம் பிள்ளைகளுக்கு நாக்கு வளையவில்லை” என்று கூறி அமைவதுண்டு. அவ்வாறு கூறுதல் தகாது என்பதற்கு வரலாறே சான்று. நம் மாகாணத்தில் ஆங்கிலம் எவ்வாறு கற்பிக்கப்பட்டது, எவ்வாறு தேர்வு செய்யப்பட்டது என்பதைச் சிறிது ஆராய்வோமானால், தவறியது பிள்ளையா, பாடமா, தேர்வா என்ற வினாவுக்கு விடை கிடைக்கும்.

1835ஆம் ஆண்டு மெக்காலே தம் குறிப்பை எழுதினார் என்பதும், பெண்டிங்க் பிரபு அதனை ஏற்று ஆங்கிலக் கல்விக்கே அரசுப் பொருளைச் செலவிடத் தீர்மானித்தார் என்பதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். 1854இல் வந்த சார்லஸ் உட்டின் அறிக்கை, பொதுமக்களுக்குத் தாய்மொழியிலும் விரும்புவோர்க்கு ஆங்கிலத்திலும் கல்வி தரலாம் என நடுவழி வகுத்தது. ஏட்டளவில் அது நல்ல வழியே. ஆனால் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் எழுந்து, மெட்ரிகுலேஷன் என்னும் நுழைவுத் தேர்வும் தொடங்கியபோது நடந்தது வேறு. அத்தேர்வில் ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டும் நிற்கவில்லை. சரித்திரத்துக்கும் கணக்குக்கும் கூட ஆங்கிலத்திலேயே விடையெழுதும் வழக்கம் நிலைத்தது. கல்லூரிக்கு மட்டுமன்றி அரசாங்க உத்தியோகத்துக்கும் அச்சான்றிதழே திறவுகோல் ஆயிற்று. தேர்வு எதைக் கேட்டதோ அதைப் பள்ளிகள் கற்பிக்கத் தலைப்பட்டன. கற்பிக்க இயலாத பள்ளிகள் நெட்டுருப் போட வைத்தன. பாடம் உண்டாகிப் பின் அதற்குத் தேர்வு வந்ததன்று. தேர்வு முன்னே வந்தது, பாடம் அதன் பின்னே ஓடிற்று.

அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் சென்னையைச் சார்ந்தவரல்லர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. சி.வை. தாமோதரம்பிள்ளையும் அவர்தம் ஆசிரியரான விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவர். அமெரிக்க மிஷன் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டை செமினரியோடு தொடர்புடையவர்கள். அந்தச் செமினரி மாணவர் தங்கிப் படித்த இடம். ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் அங்கே வகுப்பில் மட்டுமன்றி, உண்ணும் இடத்திலும் உறங்கும் இடத்திலும் காதில் விழுந்தது. அவ்விருவரின் புலமையை நாம் குறைத்துக் கூறவில்லை. தாமோதரம்பிள்ளை பின்னாளில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துத் தமிழுக்கு ஆற்றிய தொண்டு என்றும் போற்றத்தக்கது. நாம் சுட்டுவது இவ்வளவே: முதலில் வென்றவர்கள், தேர்வு வருவதற்கு முன்பே பாடம் கிடைக்கப் பெற்றவர்கள்.

அதே காலத்தில் நம் மக்களின் நிலை யாது? செங்கற்பட்டு மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கைக்குப் பின்னரே, 1893ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் 68ஆம் எண் அரசாணை பிறந்தது. பஞ்சமர் பள்ளிகளுக்கு உதவியும் நம்மவர் ஆசிரியப் பயிற்சி பெறுதற்குச் சலுகையும் அதனால் கிட்டின. அதற்கு முந்திய ஆண்டில் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அயோத்திதாசப் பண்டிதர் நம் பிள்ளைகளுக்காகக் கேட்டது நான்காம் வகுப்பு வரையிலான இலவசக் கல்வி. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் தொடங்கிய இலவசப் பள்ளியும் தொடக்கக் கல்வி அளவினதே. இவையெல்லாம் பெரும் பேறுகள், மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒன்றை நோக்குக. நான்காம் வகுப்போடு பள்ளி நிற்கும் இடத்தில், ஆங்கிலம் வேரூன்றும் இடம் இல்லை. ஆங்கிலம் உயர்நிலைப் பள்ளியின் உடைமை. உயர்நிலைப் பள்ளி நகரத்தின் உடைமை. அதன் வாயிலோ நமக்கு அடைபட்டிருந்தது. அவ்வாயிலைத் திறந்துவிடுமாறு 1920களிலும் அரசு மீண்டும் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது என்பதொன்றே போதும், முதலாணைகள் எவ்வளவு மதிக்கப்பட்டன என்பதை அறிய.

வாயிலைக் கடந்து உள்ளே சென்றவர் பட்ட பாட்டை இரட்டைமலை சீனிவாசனார் தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் பதிந்துள்ளார். கோயம்புத்தூரில் அவர் பயின்ற பள்ளியில் ஏறத்தாழ நானூறு மாணவர். அவருள் பிராமணரல்லாதார் பத்துப் பேரளவே. தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் எவரோடும் கலந்து பேசாமல், வெளியிலே எங்கேனும் ஒதுங்கிப் படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் புகுவாராம். மொழி என்பது பேசிப் பழகி வருவது. பேசவே அஞ்சிய பிள்ளை ஆங்கிலம் கற்றதென்றால் அது எத்தகைய உழைப்பாக இருந்திருக்க வேண்டும்! அவர் பிற்காலத்தில் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியதையும், 1930ஆம் ஆண்டு தொடங்கி இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் டாக்டர் அம்பேத்கரோடு அமர்ந்து நமக்காக வாதாடியதையும் அறிந்தோர், அந்த மௌன மாணவனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தேர்வென்பது யாருக்குப் பயன்படுகிறது என்ற கேள்வியையும் நம் முன்னோர் அன்றே எழுப்பினர். இந்தியன் சிவில் சர்வீஸ் தேர்வை இலண்டனில் மட்டுமின்றி இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டுமெனக் காங்கிரசார் கேட்டனர். நாட்டுப்பற்றுள்ள கோரிக்கையாகவே அது எவருக்கும் தோன்றும். ஆனால் 1893ஆம் ஆண்டு இறுதியில் சென்னையில் கூடிய பறையர் மகாஜன சபையார் அதனை எதிர்த்துத் தீர்மானித்து, மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட நீண்ட விண்ணப்பத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். இதற்காக அவர்களைத் தூற்றியோர் உண்டு, இன்றும் உண்டு. அவர்கள் கூறியது எளிய நியாயம். தேர்வு பொதுவானதுதான், அதற்குப் படிக்கும் பள்ளி பொதுவானதாக இல்லை. பள்ளியைத் தங்கள் கையில் வைத்திருப்பவரே தேர்வில் வெல்வர். வென்றபின் நம்மை ஆள்வர். அவர்கள் கேட்ட முடிவை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். அவர்கள் கண்ட உண்மையை மறுத்தல் அரிது.

டாக்டர் அம்பேத்கர் 1907இல் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறினார். அவர் அறிவாற்றலைச் சொல்லி நம் மேடைகளில் பெருமிதம் கொள்கிறோம், கொள்ள வேண்டியதே. ஆயின் அவர்தம் தந்தையார் இராம்ஜி இராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் என்பதையும், மகனை வீட்டில் அருகிருத்தி ஆங்கிலமும் மொழிபெயர்ப்பும் பயிற்றுவித்தார் என்பதையும் நாம் மேடையில் விட்டுவிடுகிறோம். பள்ளி தராததை அங்கே வீடு தந்தது. அத்தகைய வீடு எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கும்?

ஆங்கிலத் தேர்வு திறமையைத் தவறாமல் காட்டிவிடும் என்று நம்புவோர்க்கு ஒரு செய்தி. கணித மேதை இராமானுசன் 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். ஆங்கிலக் கட்டுரையில் தவறியதால் அதனை இழந்தார். உலகமே பின்னர் வியந்த ஒரு மூளையை அளக்க அக்கோல் பயன்படவில்லை. அவருக்குக் கேம்பிரிட்ஜில் ஒரு ஹார்டி கிடைத்தார். கிடைக்காதவர் கதையை யாரும் எழுதுவதில்லை.

மெட்ரிகுலேஷன் தேர்வின் குறைகளை அரசும் உணராமல் இல்லை. 1911இல் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தது. ஒரு நாள் எழுதும் தாளை மட்டும் நம்பாமல், பள்ளியில் பெற்ற மதிப்பெண்களையும் சேர்த்துக் குறிக்கும் நோக்கத்தோடு அச்சடித்த புத்தகமே அக்காலத்துச் சான்றிதழ். ‘எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்’ என்று நம் பெரியோர் தகரப் பெட்டியின் அடியில் பட்டுத்துணி போல மடித்துக் காத்தது அதனையே. நோக்கம் நல்லதாயினும், நாளடைவில் பொதுத்தேர்வு எண்ணே எல்லாம் என்றாகிவிட்டது. ‘எஸ்.எஸ்.எல்.சி. பெயில்’ என்பதையே ஒரு தகுதியைப் போல விண்ணப்பத்தில் எழுதும் வழக்கமும் நம் நாட்டுக்கே உரியது. பத்து ஆண்டுகள் படித்தவனுக்கு, தான் எதைக் கற்றான் என்று சொல்ல வழியில்லை. எதில் தவறினான் என்றே சொல்ல முடிந்தது.

இவ்விடத்தில் நம் மாகாணத்தை விட்டு வங்கத்துக்குச் செல்வோம். ஏனெனில் இக்குறையின் வேரை முதன்முதல் தெளிவாக எடுத்துக்காட்டியவர் அங்கே இருந்தார். மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர். வங்கத்துப் பள்ளிகளில் இருமொழிக் கல்வி குறித்து அவர் எழுதிய நூல் 1926இல் வெளிவந்தது. பெரும்பாலான பிள்ளைகள் இறுதி வகுப்பு வரை வருவதே இல்லை, நடுவிலேயே நின்றுவிடுகின்றனர் என்பதை அவர் கண்டார். ஆனால் பாடத்திட்டமோ இறுதி வரை வருவோருக்காக வகுக்கப்பட்டது. ஆயுள் காப்பீட்டுக்காரர்கள் ‘சரண்டர் மதிப்பு’ என்றொன்று கூறுவார்கள் அல்லவா? தவணையை நடுவில் நிறுத்தினால் கைக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது அது. வெஸ்ட் அச்சொல்லை எடுத்து ஆங்கிலப் பாடத்துக்கு வைத்தார். மூன்று ஆண்டு படித்து நின்ற பிள்ளையின் கையில் எஞ்சுவது என்ன? பழைய முறையில் எஞ்சுவது ஏதுமில்லை; அரைகுறை இலக்கண விதிகளும் பயன்படாத சொற்களுமே. ஆகவே குறைந்த காலத்தில் பயன் தரும் வாசிப்பை முதலில் கற்பிக்க வேண்டும், அடிக்கடி வரும் சொற்களைத் தேர்ந்து சிறு அளவில் தர வேண்டும் என்றார். அதற்கேற்ப வாசக நூல்களையும் இயற்றினார்.

பெரும்பாலும் வாசிப்பை மட்டும் வற்புறுத்தியதற்காக அவரைக் குறை கூறுவோர் உண்டு. அதில் நியாயமும் உண்டு. அடித்தட்டு மக்களுக்கு வாசிப்பு போதும், பேச்சு வேண்டா என்று பிறர் திரித்துக்கொள்ள அது இடம் தரும். எனினும் இடையில் நின்ற பிள்ளையைக் கணக்கில் எடுத்த முதல் பாடத்திட்டக்காரர் அவரே என்று நாம் கருதுகிறோம். இடையில் நின்ற பிள்ளை என்றால் யார் பிள்ளை என்று இம்மலரைப் படிப்போர்க்கு விளக்க வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பின், 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் எழுந்தது. அடுத்து நம் சென்னை மாநிலத்தில் பெரியதொரு முயற்சி நடந்தது. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிப்பது அதன் குறிக்கோள். முதலில் சிலரைப் பயிற்றுவித்து, அவர்கள் பலரைப் பயிற்றுவிக்க, அப்பலர் மேலும் பலரைப் பயிற்றுவிக்க, உருளும் பனிக்கட்டி பெருப்பது போலப் பெருகுமாம். ஆகவே ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்று அதற்குப் பெயரிட்டனர். பனியே பாராத மாநிலத்துக்கு நல்ல பெயர்தான்! அன்று வந்த அமைப்புமுறைப் பாடத்தை நம் ஊர்ப் பெரியவர் பலரும் நினைவில் வைத்துள்ளனர். ஆசிரியர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி ‘திஸ் இஸ் எ புக்’ என்பார். கதவை நோக்கி நடந்தவாறே ‘ஐ ஆம் கோயிங் டு தி டோர்’ என்பார். வகுப்பு முழுவதும் அதனையே முழங்கும்.

எளிய வாக்கியங்களை ஒழுங்குபடுத்தி, வாயால் பழக்கிப் படிப்படியாகத் தரும் அம்முறையால் நன்மை உண்டு. நான்கு கோட்டு நோட்டில் அழகாக எழுதவும் நான்கு வாக்கியம் தவறின்றிச் சொல்லவும் பலர் கற்றது அதனால்தான். ஆயினும் பனிப்பந்து கீழே உருண்டு வர வரக் கரைந்ததையும் சொல்ல வேண்டும். கடைசி முகாமில் பயிற்சி பெற்ற ஆசிரியர், தாமே ஆங்கிலம் பேசக் கூசுபவர். முறை மட்டும் அவரிடம் வந்து சேர்ந்தது, மொழி வரவில்லை. மேலும், கீழ் வகுப்பில் பாடம் மாறியதே தவிர, மேலே காத்திருந்த தேர்வு மாறவில்லை. அங்கே கட்டுரை வேண்டும், கடிதம் வேண்டும், மனப்பாடச் செய்யுள் வேண்டும். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கும் விடுப்பு விண்ணப்பம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அனைவர்க்கும் பொதுவான ஒரே ஆங்கில இலக்கியம் எனலாம். காய்ச்சல் தவிர வேறு காரணத்துக்கு விடுப்புக் கேட்க நமக்குத் தெரியாது.

இதன் பின் 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு தம் தோழர்களுடன் பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் நடத்திய சோதனை, உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்களிடையே பெங்களூர்த் திட்டம் எனப் பெயர் பெற்றது. இலக்கணத்தை வரிசையாகக் கற்பியாமல், பிள்ளைகளின் முன் ஒரு பணியை வைப்பது அவர் முறை. இரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இன்ன ஊருக்கு இன்ன நேரத்துக்குள் சேர எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று கேட்பர். ஊர்ப்படத்தைக் கொடுத்து வழி கேட்பர். மனம் விடையைத் தேடும். தேடும்போதே மொழி வந்து படியும் என்பது அவர் கொள்கை. திட்டத்தைப் பெரெட்டா, டேவிஸ் என்னும் இருவர் மதிப்பிட்டு 1985இல் முடிவை வெளியிட்டனர். அமைப்புமுறைத் தேர்வை வைத்தால் அமைப்புமுறையில் படித்தவர் முந்தினர். பணிமுறைத் தேர்வை வைத்தால் திட்டத்துப் பிள்ளைகள் முந்தினர். இரு முறைக்கும் பொதுவாக வைத்த சொல்வதெழுதுதல், கேட்டறிதல் போன்றவற்றில் திட்டத்துப் பிள்ளைகளின் கையே ஓங்கிற்று. இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. எந்தக் கோலால் அளக்கிறோமோ அந்தக் கோலுக்கேற்றவனே உயரமானவனாகத் தோன்றுவான். கோலைச் செய்பவர் யார் என்பதே கேள்வி.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அன்று. ஜப்பானியர் 1922இல் ஹெரால்டு பாமர் என்னும் அறிஞரை இலண்டனிலிருந்து வரவழைத்தனர். அவர் தோக்கியோவில் 1936 வரை இருந்து, வாய்மொழிப் பயிற்சியே முதன்மை என்று ஓயாமல் உழைத்தார். ஆசிரியர்கள் கேட்டனர், பாராட்டினர். பிறகு தம் வகுப்புக்குச் சென்று மொழிபெயர்ப்பையும் இலக்கணத்தையுமே பெரும்பாலும் நடத்தினர். மேற்படிப்பு நுழைவுத் தேர்வு அவற்றையே கேட்டது. நூறாண்டு கழிந்து, பேச்சையும் சோதிக்க வேண்டுமெனத் தனியார் நிறுவனங்களின் ஆங்கிலத் தேர்வுகளைப் பல்கலைக்கழக நுழைவுக்குப் பயன்படுத்த அந்நாட்டு அரசு திட்டமிட்டது. கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைகளும், தேர்வு மையத்துக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டிய ஊர்ப்புறப் பிள்ளைகளும் என் செய்வர் என்ற கேள்வி எழுந்தது. அவரவர் வசதிக்கேற்பப் போட்டியிடட்டும் என்னும் பொருள்படக் கல்வி அமைச்சர் பேசியது நாட்டைக் கொதிக்கச் செய்தது. 2019 நவம்பரில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டு, 2021இல் கைவிடப்பட்டது. 1893இல் நம்மவர் சென்னையில் கேட்ட கேள்வியை ஜப்பானியத் தாய்மார் தோக்கியோவில் கேட்டனர் என்றே நமக்குத் தோன்றிற்று.

நம் மாநிலத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. 2010க்குப் பின் சமச்சீர்க் கல்வி வந்தது. 2012 தொடங்கி அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. மொழிப்பாடத்துக்கு இரண்டு தாள் என்பதை ஒரே தாளாக்கி 2019இல் ஆணை பிறந்தது. இம்மாற்றங்களுள் சில நன்மை பயந்தன. ஆங்கில வழிப் பிரிவில் நம் பிள்ளையைச் சேர்க்க விரும்பும் தாயை நாம் குறை கூற மாட்டோம்; அவள் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை ஒரே பார்வையில் புரிந்துகொண்டவள். ஆனால் பெயர்ப்பலகையில் ஆங்கிலம் ஏறினால் வகுப்பறைக்குள்ளும் அது வந்துவிடும் என்று அவளை நம்பச் செய்வது ஏமாற்று. வீட்டில் ஆங்கிலம் கேட்காத பிள்ளைக்கு அதைத் தர வேண்டிய இடம் பள்ளி ஒன்றே.

இனி, நம் சங்கத்தைப் பற்றியும் ஒளிவின்றிச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் இரவுப் பாடசாலையில் நாமும் தேர்வையே கற்பித்தோம். வரும் பிள்ளை ஏற்கெனவே தவறியவன். துணைத் தேர்வுக்கு இருப்பதோ சில வாரங்கள். எந்த வினாவுக்கு எத்தனை மதிப்பெண், எதை உருப் போட்டால் முப்பத்தைந்து எட்டும் என்று கணக்கிட்டுக் காட்டினோம். பலர் தேறினர், அரசுப் பணியில் அமர்ந்தோரும் உளர். அதற்காக நாம் வெட்கப்படவில்லை. வாயில் பூட்டியிருக்கையில் முதலில் பூட்டைத் திறக்க வேண்டும். ஆயினும் அவ்வாறு தேறிய ஒருவர், வங்கியில் படிவம் நிரப்ப இன்றும் பிறர் துணையை நாடுவதாகச் சென்ற ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். “ஐயா, பாஸ் பண்ண வைத்தீர்கள், இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கவில்லை” என்றார். அவையில் சிலர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை, நாமும் சிரிக்கவில்லை.

அதன் விளைவாக நிருவாகக் குழுவில் எடுத்த முடிவுகளை இங்கே பதிந்து வைக்கிறோம். பத்தாம் வகுப்புப் பயிற்சி தொடரும். அதனோடு மூன்றாம் வகுப்பு முதல் மாலை நேர ஆங்கில வகுப்பு புதிதாகத் தொடங்கும். நம் தெருவில் ஆசிரியப் பயிற்சி முடித்துள்ள சகோதரியர் இருவர் நடத்த இசைந்துள்ளனர். ஒவ்வொரு பருவ முடிவிலும் எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக, பேருந்துப் பலகை, மருந்துச் சீட்டு, இரயில் அட்டவணை, வங்கிப் படிவம் ஆகியவற்றைப் பிள்ளையின் முன் வைத்து, வாய் திறந்து பேச வைத்துப் பார்க்கப்படும். புதிய பதிவேடும் அச்சாகிவிட்டது. அதில் ‘தவறிய பாடம்’ என்ற பத்தி இல்லை. அதற்குப் பதிலாக, ‘இன்று நின்றுவிட்டால் கையில் எஞ்சுவது’ என்றொரு பத்தி உள்ளது. பள்ளி திறக்கும் சூன் திங்கள் முதல் வாரத்தில் சமுதாயக் கூடத்தில் வகுப்புத் தொடங்கும். விசுப்பலகை இரண்டு குறைகின்றன. தர இயன்ற அன்பர்கள் செயலாளரிடம் தெரிவிக்கலாம்.